கழற்றுதலும் மாட்டுதலும்: ஓர் இன்ஜின் மூடியை முன்வைத்து

இலக்கியம் பேசும் இடத்தில் கார் இன்ஜினின் மேல்மூடியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

அண்மையில் ஒரு நூல் விமர்சனக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது பேச்சு எப்படியோ கார் பராமரிப்பின் பக்கம் திரும்பியது. ஸ்பார்க் பிளக்குகளைத் தாமே மாற்றிக்கொண்டதாக ஓர் இளம் வாசகர் சொன்னார். அதற்காக இன்ஜினின் மேல்மூடியைக் கழற்ற முயன்றதையும், அது வர மறுத்ததையும், திரும்ப மாட்டுவதற்குள் பட்ட பாட்டையும் ஆர்வமாக விவரிக்கத் தொடங்கினார். மூத்த விமர்சகர் ஒருவர் புன்னகையோடு குறுக்கிட்டார்: "தம்பி, அதற்கென்று ஆள் இருக்கிறார்கள். நீங்கள் வாசியுங்கள்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இளைஞர் அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சிரிப்பில் நமக்கு உடன்பாடில்லை. அதற்கென்று ஆள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். அந்த ஆட்களிடம் இருக்கும் அறிவை நாம் அறிவாகவே கணக்கில் கொள்வதில்லை என்பதும் உண்மை. முன்னதைச் சொல்பவர்கள் பின்னதைச் சொல்வதில்லை. தமக்குச் சொந்தமான ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலிருப்பதைச் சோம்பல் என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். நேரமில்லை என்றால் அதையும் ஏற்கலாம். அதையே ரசனையின் அடையாளமாக, வாசிப்பவனுக்குரிய உயர்வாக முன்வைப்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

*

முதலில் பொருளைப் பார்ப்போம். பழைய அம்பாசடர் காரின் பானட்டைத் தூக்கினால் கார்புரேட்டர், டிஸ்டிரிபியூட்டர், ரேடியேட்டர், ஃபேன் பெல்ட் யாவும் பெயர் சொல்லி அழைக்கும் தொலைவில் நிற்கும். இன்றைய கார்கள் பலவற்றில் பானட்டைத் தூக்கினால் தெரிவது இன்னொரு மூடி. கறுப்பு பிளாஸ்டிக், நடுவில் நிறுவனத்தின் சின்னம், ஓரத்தில் எண்ணெய் ஊற்றும் வாய்க்கு மட்டும் ஒரு துளை. மேத்யூ கிராஃபோர்டு என்னும் அமெரிக்கர், தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தியவர், 2009-இல் வெளியான 'ஷாப் கிளாஸ் ஆஸ் சோல்கிராஃப்ட்' என்ற நூலில் மூடிக்குள் மூடி என்னும் இந்த விந்தையைச் சுட்டிக்காட்டுகிறார். எண்ணெய் மட்டம் பார்க்கும் கோலே இல்லாத மெர்சிடிஸ் கார்களைப் பற்றியும் அவர் பேசுகிறார். பொருளை வாங்கியவனுக்கும் பொருளுக்கும் இடையே ஒரு திரை இறங்கிவிட்டது என்பதே அவரது கவலை.

இந்த மூடி எப்படி நிற்கிறது? பெரும்பாலான கார்களில் அதற்கு நட்டும் கிடையாது, போல்ட்டும் கிடையாது. இன்ஜினின் மேல் மூன்று அல்லது நான்கு இடங்களில் உருண்டைத் தலையுள்ள சிறு உலோகக் குமிழ்கள் நிற்கும். மூடியின் அடிப்பக்கத்தில் அவற்றுக்கு நேராகக் குழிகள். குழிக்குள் ரப்பர் புஷ். அழுத்தினால் ரப்பர் விரிந்து குமிழின் தலையை விழுங்கிக் கழுத்தில் இறுகிக்கொள்ளும். சில கார்களில் முன்பக்கம் மட்டும் குமிழ்கள் இருக்கும். பின்பக்கம் ஒரு கொக்கி அல்லது பள்ளத்தில் செருகி நிற்கும். வேறு சிலவற்றில் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கான போல்ட்டோ நட்சத்திரத் தலைத் திருகோ சேர்ந்திருக்கும்.

இறுக்கம் தற்செயலானதன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இன்ஜின் ஓடும்போதெல்லாம் அதிர்கிறது. தளர்வான மூடி அந்த அதிர்வில் கடகடக்கும். நாளடைவில் கழன்றும் விழும். 2025-இல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் அமெரிக்காவில் அட்லஸ் என்ற தன் கார் வகையில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. இன்ஜின் மூடி தளர்ந்து சூடான பாகங்களின் மேல் பட்டு உருகக்கூடும், தீப்பிடிக்கவும்கூடும் என்பதே காரணம். வெறும் அலங்காரம் என்று நாம் நினைக்கும் பொருளின் இறுக்கத்தில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதற்கு இதுவே போதும்.

ஆகவே இரண்டு தரப்புகளையும் நாம் மறுக்கவேண்டியிருக்கிறது. ஒரு தரப்பு, மூடியைத் தொடாதே என்கிறது. சர்வீஸ் சென்டரின் வரவேற்பறையில் கேட்கும் குரல் அது. நம் விமர்சகரின் குரலும் அதுதான். இன்னொரு தரப்பு, தம்மைக் கலகக்காரர்களாகக் கருதிக்கொள்பவர்களுடையது: மூடி ஒரு ஏமாற்று, கழற்றி மூலையில் எறி என்கிறது. இத்தரப்பு ஆவேசமாக இருப்பதாலேயே சரியாகிவிடாது. மூடியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் பஞ்சு இன்ஜினின் ஓசையை உறிஞ்சுகிறது. டீசல் இன்ஜினின் தடதடப்பையும் எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களின் டிக்டிக் ஒலியையும் கேட்டவர்களுக்கு அதன் பயன் விளங்கும். காயில்களின் மேலும் ஒயர் இணைப்புகளின் மேலும் தூசியும் தண்ணீரும் நேரே விழாமல் அது ஓரளவு காக்கிறது. 2000-களின் ஃபோக்ஸ்வேகன் இன்ஜின்கள் சிலவற்றில் ஏர் ஃபில்டரே மூடிக்குள் அமைந்திருந்தது. அதைக் கழற்றி எறிந்தவன் தன் இன்ஜினின் மூக்கையே அறுத்தெறிந்தவனாவான்.

தொடாதே என்பவனும் தூக்கியெறி என்பவனும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றும். ஆனால் இருவரும் ஒரே வேலையைத்தான் தவிர்க்கிறார்கள். கழற்றி, பார்த்து, வேண்டியதைச் செய்து, முன்பிருந்தபடியே மாட்டும் வேலை அது.

*

அந்த வேலை என்னவென்று சொல்லாமல் அதன் பெருமையை மட்டும் பேசுவது நம் சூழலின் வழக்கம். அதை இங்கே பின்பற்றப்போவதில்லை.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஓடிவந்த வண்டி என்றால் ஒரு மணி நேரமாவது விடவேண்டும். இது கையைச் சுட்டுக்கொள்ளாமலிருக்க. மறுபுறம், கொடைக்கானல், ஊட்டி போன்ற இடங்களின் குளிர்காலக் காலையில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் விறைத்துப்போயிருக்கும். அப்போது இழுத்தால் மூடி விரிசல் விடும். அங்கே இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, வெதுவெதுப்பானதும் நிறுத்திவிட்டுத் தொடங்குவது நல்லது. சூடும் கூடாது, குளிரும் கூடாது. இந்தப் பதத்தைக் கையால் தொட்டுத்தான் அறிய முடியும்.

அடுத்து, தொடுமுன் பார்க்க வேண்டும். திருகு ஏதும் இருக்கிறதா? சிறு மூடிகளுக்குக் கீழே போல்ட் ஒளிந்திருக்கிறதா? எண்ணெய்க் கோலின் கைப்பிடி மூடியின் துளை வழியே வருகிறதா? எண்ணெய் ஊற்றும் வாயின் மூடி தடுக்கிறதா? ஏர் ஃபில்டர் மூடிக்குள் இருந்தால் அதனுடன் இணைந்த குழாயை முதலில் விடுவிக்க வேண்டும். எண்ணெய் வாயின் மூடியைத் திறக்க நேர்ந்தால், மேல்மூடி வெளியே வந்ததும் அதைத் திரும்பப் பூட்டிவிட வேண்டும். திறந்த வாய்க்குள் ஒரு சிறு திருகு விழுந்தாலும் செலவு எங்கோ போய் நிற்கும்.

பிறகு விளிம்பின் அடியில் விரல்களை நுழைத்து, குமிழ் எங்கே நிற்கிறது என்று தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். இரு கைகளையும் அந்தக் குமிழுக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைத்து, நேர் மேலாக இழுக்க வேண்டும். ஓரத்தைப் பிடித்து நெம்பக் கூடாது, முறுக்கக் கூடாது. நெம்பினால் விசை முழுவதும் மூடியின் அடியிலுள்ள குழியின் கழுத்தில் இறங்கி அது முறிந்துவிடும். திருப்புளியைச் செருகி நெம்புகோலாக்குவது அதைவிட மோசம். ஒரு குமிழ் பொட்டென்ற ஓசையுடன் விட்டதும் அடுத்ததற்கு நகர வேண்டும். பின்பக்கம் கொக்கியாக இருந்தால், முன்பக்கம் விட்டபின் மூடியைத் தம்மை நோக்கி இழுத்தால் வந்துவிடும். அதையும் மேலே இழுப்பவர்கள்தாம் கொக்கியை உடைப்பவர்கள்.

இதுவரை சொன்னது பாதி வேலை. உலகெங்கும் விற்கப்படும் பழுதுபார்ப்புக் கையேடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றும் முறையை ஒரு பக்கத்துக்கு விவரித்துவிட்டு, மாட்டுவது இதையே தலைகீழாகச் செய்வதுதான் என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்வார்கள். இறுக்கமான மூடியைப் பொறுத்தவரை அது பொய். கழற்றும்போது மூடி ஏற்கெனவே சரியான இடத்தில் நிற்கிறது. இழுக்கும் விசைக்கு வழிகாட்டக் குமிழே இருக்கிறது. மாட்டும்போதோ நான்கு குமிழ்களையும் மூடியே மறைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத நான்கு புள்ளிகளை ஒரே நேரத்தில் உள்ளங்கையால் தேடிப்பிடிக்க வேண்டும்.

அதற்கு ஆயத்தம் வேண்டும். மூடியைக் கவிழ்த்து ரப்பர் புஷ்களை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அது பெரும்பாலும் குமிழின் தலையிலேயே தங்கியிருக்கும். எடுத்து மூடியின் குழியில் வைக்க வேண்டும். வெடித்துப்போன புஷ்ஷை மாற்ற வேண்டும். குமிழ்களின் தலையைத் துணியால் துடைக்க வேண்டும். ரப்பர் இறுகிப்போயிருந்தால் சிலிகான் கிரீஸை ஒரு துளி தடவலாம். சோப்புத் தண்ணீரும் போதும். கையில் கிடைத்த இன்ஜின் எண்ணெயைத் தடவினால் பல வகை ரப்பர்கள் ஊதிப்போய்த் தம் பிடியை இழக்கும். ஸ்பேனர், துணி ஏதும் உள்ளே தங்கிவிடவில்லை, ஒயரோ குழாயோ மூடிக்கடியில் நசுங்கவில்லை என்று பார்த்த பிறகே மூடியைக் கையில் எடுக்க வேண்டும். பின்பக்கக் கொக்கி முதலில், பிறகு முன்பக்கம். மூடியைச் சும்மா வைத்து மெல்ல அசைத்தால் புஷ்கள் குமிழ்களின் மேல் வந்து உட்கார்வதை உணரலாம். அதன் பின்னரே ஒவ்வொரு குமிழுக்கும் நேர் மேலே உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும். நடுவில் குத்தக் கூடாது. ஒவ்வொன்றும் இறங்கியதைக் கை சொல்லும். கடைசியாக ஒவ்வொரு மூலையையும் லேசாகத் தூக்கிப் பார்த்து, விடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இன்ஜினை ஓடவிட்டுக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

இதில் எந்த இடத்திலாவது அறிவு வேலை செய்யவில்லை என்று விமர்சக நண்பர் காட்டட்டும். ஊகம், சோதனை, காரண காரியம், பொருளின் இயல்பை மதித்தல், எங்கே நிறுத்த வேண்டும் என்ற அளவறிதல் யாவும் இதில் உள்ளன. ஒரு பிரதியை நெருங்கி வாசிப்பதற்கும் இவைதாமே வேண்டும்?

*

பட்டறைத் தமிழில் ஒரு வழக்கு உண்டு: கழட்டி மாட்டுவது. "இத கழட்டி மாட்ட ஒரு மணி நேரம் ஆகும் சார்" என்பார்கள். கழற்றுவதற்குத் தனிக் கூலி, மாட்டுவதற்குத் தனிக் கூலி என்று எந்தப் பட்டறையிலும் கேட்பதில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு வேலை என்ற அறம் அந்த இரட்டைச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நம் இலக்கியக் கோட்பாட்டுத் தமிழ் என்ன செய்தது என்று இதனோடு ஒப்பிடுங்கள். டெரிடாவின் சிந்தனை முறை தமிழுக்கு வந்தபோது அதற்குக் கட்டவிழ்ப்பு என்ற சொல்லும் புழங்கியது, கட்டுடைப்பு என்ற சொல்லும் புழங்கியது. அவிழ்த்ததைத் திரும்பக் கட்டலாம், உடைத்ததை முடியாது. கருத்தரங்க மேடைகளில் அதிகம் விரும்பப்பட்டது இரண்டாவது சொல்தான். சொல்லுக்கேற்பவே செயலும் அமைந்தது. ஒரு நாவலைப் பாகம் பாகமாகப் பிரித்து மேசையில் பரப்பிவிட்டு எழுந்துபோன கட்டுரைகள் எத்தனை! பிரித்ததை மீண்டும் சேர்த்து, இப்போது இந்த நாவல் முன்னைவிட நன்றாக ஓடுகிறது, கேளுங்கள் என்று வாசகனிடம் கொடுத்த கட்டுரைகள் எத்தனை? பட்டறையில் அப்படிப் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் பையனுக்கு அன்றைய சம்பளம் கிடைக்காது.

ராபர்ட் பிர்சிக்கின் 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' 1974-இல் வெளிவந்தது. நம் நண்பர்களுள் பலர் அதை வியந்து பேசக் கேட்டிருக்கிறோம். பேச்சு எப்போதும் ஸென்னைப் பற்றியதாகவே இருக்கும்; மெயின்டனன்ஸ் என்ற சொல் தலைப்பில் இருப்பதே மறந்துபோகும். அந்நூலின் முக்கியமான பகுதியொன்று, இன்ஜினின் பக்கவாட்டு மூடியில் சிக்கிக்கொண்டு வர மறுக்கும் ஒரு திருகைப் பற்றியது. மலிவான அந்தத் திருகு அக்கணத்தில் வண்டியின் விலைக்கு நிகராகிவிடுவதையும், சிக்கி நிற்கும் நிலையே உண்மையான அறிதலின் தொடக்கம் என்பதையும் அவர் விரித்துச் சொல்கிறார். விலையுயர்ந்த பிஎம்டபிள்யூ வண்டியில் உடன் வரும் நண்பரோ, பழுது என்ற பேச்சையே அருவருப்பவர். நம் சூழலில் அந்த நூலைக் கொண்டாடியவர்கள் பெரும்பாலும் அந்த நண்பரின் கட்சியிலேயே இருந்தார்கள் என்பது வருத்தத்துக்குரிய வேடிக்கை.

அயல்நாட்டு உதாரணம் வேண்டாம் என்றால் கோயம்புத்தூருக்கு வரலாம். ஜி.டி. நாயுடு இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்து மாட்டியே இயந்திரம் கற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1920-இல் பேருந்துத் தொழிலைத் தொடங்கியவரின் கல்வி அங்கிருந்து வந்தது. இன்னும் பின்னே போனால், குறுந்தொகைப் புலவர்களின் பெயர்களில் மதுரைக் கொல்லன் புல்லனும் மதுரைப் பெருங்கொல்லனும் இருக்கிறார்கள். துணி விற்ற அறுவை வாணிகன் இளவேட்டனாரும் நம் சங்கப் புலவர்தாம். தொழிற்பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வைத்துக்கொண்டே பாடினார்கள். தொகுத்தவர்களும் அதை நீக்கவில்லை. அதற்கென்று ஆள் இருக்கிறார்கள் என்று அன்று யாரேனும் அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் நமக்குத்தான் இழப்பு.

*

இது வெறும் ரசனைச் சண்டை என்று யாரும் எண்ண வேண்டாம். கல்லூரியில் முதலாண்டு வகுப்பில் அறிமுகப் படலத்தின்போது, அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு வங்கி ஊழியரின் மகள் வங்கி என்கிறாள், ஆசிரியரின் மகன் ஆசிரியர் என்கிறான். பட்டறை வைத்திருப்பவரின் மகன் "பிசினஸ் சார்" என்று தரையைப் பார்த்துச் சொல்கிறான். அந்தப் பையனுக்குப் பத்து வயதிலேயே இன்ஜின் ஓசையைக் கேட்டுப் பழுதைச் சொல்லத் தெரிந்திருக்கும். அந்த அறிவைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னால் திகைக்கிறான். எழுதத் தக்கது அது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அப்பாவின் கையில் படிந்த கிரீஸ் அவனுக்கு மறைக்கவேண்டிய ஒன்றாகிவிட்டது. கைவேலையைத் தாழ்ந்தோர் வேலை என்று தள்ளிவைத்த சாதிப் புத்திதான் இலக்கியக் கூட்டத்தின் தேநீர் இடைவேளையில் மென்மையான சிரிப்பாக வெளிப்படுகிறது. வீட்டு வாசலில் செருப்பை விடுவதுபோல அதை வெளியே விட்டுவிட்டு வந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த அலட்சியத்தால் ஆதாயம் அடைபவர்கள் யார்? நம்முடன் பணியாற்றும் பேராசிரியை ஒருவரின் கார், சர்வீஸ் சென்டருக்குப் போய்த் திரும்பிய நாளிலிருந்து சற்று வேகமெடுத்தாலே முன்னால் கடகடவென்று அதிர்ந்தது. மீண்டும் எடுத்துச்சென்றபோது, இன்ஜின் மவுண்டிங் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பல ஆயிரம் ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். அவர் தெருமுனைப் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் மூடியைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மவுண்டிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். நாலு புஷ்ஷுல ஒண்ணக் காணோம், அவ்வளவுதான்" என்றார். பழைய மூடியொன்றிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்துப் போட்டு அழுத்தினார், சத்தம் நின்றது. "எவ்வளவுண்ணே?" என்று கேட்டதற்கு டீக்காசு கொடுங்கள் போதும் என்றாராம். எண்ணத் தெரிந்தவரிடம் மட்டுமே சொல்ல முடியாத பொய் அந்த மதிப்பீட்டுத் தாளில் இருந்தது.

மூடியைத் தொட்டால் வாரண்டி போய்விடும் என்ற அச்சுறுத்தலையும் இந்த இடத்தில் பார்த்துவிடலாம். 2011-இல் நுகர்வோர் ஒருவர் அளித்த புகாரிலிருந்து தொடங்கிய வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் தனிப் பட்டறைகளை ஒடுக்கினார்கள் என்பது குற்றம். வெளியில் பழுது பார்த்தாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை விதிக்கக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கென்று ஓர் இணையதளமும் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளுள் வாகனங்களும் ஒன்று. சட்டத்தின் பக்கம் சிறிதேனும் அசைவு தெரிகிறது. பண்பாட்டின் பக்கம்தான் மூடி இன்னும் இறுகிக் கிடக்கிறது.

எல்லாவற்றையும் எல்லோரும் வீட்டு வாசலில் பிரித்துப் போட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் உயர் மின்னழுத்தக் கம்பிகளைப் பயிற்சியில்லாதவர்கள் தொடக் கூடாது; உயிர் போகும். ஏர்பேக் இணைப்புகளும் அப்படியே. அங்கே ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு உரிய மதிப்பும் கூலியும் வேண்டும். எது தொடத் தக்கது, எது தகாதது என்று பிரித்தறியவும் ஒருமுறையாவது மூடியைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும் என்பதே நம் வாதம். பார்க்கவே மாட்டேன் என்பவனுக்கு எல்லாமே ஆபத்தாகத் தெரியும், அல்லது எதுவுமே ஆபத்தாகத் தெரியாது.

நம் கோரிக்கைகள் எளியவை. கார் நிறுவனங்கள் தங்கள் கையேட்டில் மூடியின் குமிழ்கள் எங்கே உள்ளன, எத்திசையில் இழுக்க வேண்டும் என்று ஒரு படம் போடட்டும். அதைத் தமிழிலும் அச்சிடட்டும். ஒரு புஷ் போனதற்கு முழு மூடியை வாங்கச் சொல்லும் வழக்கத்தைக் கைவிடட்டும். தமிழ்த்துறைகள் பயன்முறைத் தமிழ் என்ற பெயரில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுத்தருவதோடு நில்லாமல், ஒரு வேலையைப் படிப்படியாக, காரணத்தோடு, வாசிப்பவன் செய்து பார்க்கும்படி எழுதும் உரைநடையையும் கற்றுத்தரட்டும். நட்டையும் போல்ட்டையும் ஸ்பேனரையும் புஷ்ஷையும் கண்டு மிரளாத உரைநடையாக அது இருக்கட்டும். பட்டறையில் புழங்கும் சொற்களைத் துரத்திவிட்டு எவருக்கும் விளங்காத கலைச்சொற்களால் அந்த இடத்தை நிரப்புவதால் தமிழ் வளர்ந்துவிடாது.

சிற்றிதழ்களுக்கும் இங்கே கூடும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கவிதைக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றைக் கைவேலைக்கு ஒதுக்குங்கள். தையற்காரர், தச்சர், மின்பணியாளர், மெக்கானிக் யாராயினும் தம் வேலையைத் தம் சொற்களில் எழுதட்டும். அந்த இளைஞர் தம் மூடியைப் பற்றி பாதியில் நிறுத்திய பேச்சையும் எழுதி அனுப்பட்டும். எழுத்துப்பிழை பற்றி அவர்கள் கவலைப்பட வேண்டாம். அதைத் திருத்தத்தான் எங்களைப் போன்ற தமிழாசிரியர்கள் இருக்கிறோம்.